திருப்பி வாசித்துக் காட்டாத வாக்குமூலம்

1

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் ஒரு நல்ல செய்தியைச் சொல்கிறேன். மற்றது பின்னால் வருகிறது.

இரண்டு மாதத்துக்கு முன் இங்கே ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சன் நகரசபையிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. இந்த நாட்டுக் கோட்டில் சில வழக்குகளுக்கு உத்தியோக நீதிபதிக்குப் பக்கத்தில் சாதாரண சனத்திலிருந்து எடுத்த இரண்டு பேரும் உட்காருவார்கள். ஷெஃபன் என்று பெயர். சட்டம் படித்திருக்கத் தேவையில்லை. பஸ் ஓட்டுகிறவர், பல் வைத்தியர், தபால்காரி, யாரும் வரலாம். ஆள் குற்றவாளியா இல்லையா என்பதில் நீதிபதிக்கு ஒரு வாக்கென்றால் இவர்களுக்கும் ஆளுக்கொரு வாக்கு. அடுத்த ஐந்து வருடத்துக்கான பட்டியலில் உங்கள் பெயரையும் சேர்க்க யோசிக்கிறோம், சம்மதமென்றால் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

இருபத்துமூன்று வருடத்துக்கு முன் அகதி முகாமில் கோப்பை கழுவியவனுக்கு இப்படி ஒரு கடிதம். மனைவி அதை இரண்டு பேருக்குத்தான் சொன்னாளாம். அடுத்த நாளே நடராசா மாஸ்டர் போன் எடுத்துவிட்டார். மாஸ்டர் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர், ஊரில் குடியியல் படிப்பித்தவர்.

“தம்பி பாலன், கேள்விப்பட்டன். எங்கடை ஆள் ஒருத்தன் இந்த நாட்டுக் கோட்டிலை, நீதிபதிக்குப் பக்கத்திலை! நாங்கள் எழுதின நாப்பது பக்கம் வீண்போகேல்லை. நீர் ஓமெண்டு எழுதும்.”

“யோசிக்கிறன் மாஸ்டர்.”

“இதிலை யோசிக்க என்ன கிடக்கு?”

கிடந்தது. படிவத்தைக் கொண்டுபோய் மேசை லாச்சியில், வரிக் கடதாசிகளுக்குக் கீழே வைத்தேன். லாச்சியைத் திறக்கும்போதெல்லாம் வேறு ஏதோ தேடுகிறவன் மாதிரி நடித்தேன். வீட்டில் யாரும் இல்லாதபோதும் நடித்தேன்.

2

மாஸ்டர் சொன்ன நாற்பது பக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஐந்து வருடத்துக்கு முன், ஊரில் துவக்குகள் சத்தமில்லாமல் இருந்து அரசாங்கத்துக்கும் இயக்கத்துக்கும் பேச்சுவார்த்தை நடந்த காலம். இங்கே சங்கத்தில் எல்லாருக்கும் திடீரென்று அரசியல் யாப்புப் பைத்தியம் பிடித்தது. மாதாகோயில் மண்டபத்தின் பக்கத்து அறையைச் சனிக்கிழமைகளில் எங்களுக்குத் தருவார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். எங்கள் நாட்டுச் சட்டப் புத்தகத்தில் மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம் இருக்கிறது, ஆனால் புத்தகத்தை விட்டு அது ஒருநாளும் கீழே இறங்கியதில்லை. அதை எப்படி இறக்குவது, நீதிபதிகளை யார் நியமிப்பது என்று ஒரு திட்டம் எழுதிப் பேச்சுவார்த்தைக்காரர் எல்லாருக்கும் அனுப்புவதாகத் தீர்மானம். எழுதும் வேலை என்னிடம் வந்தது. என் டொச், அதாவது ஜெர்மன் பாஷை, நல்ல டொச் என்று பெயர், இந்த நாட்டுச் சட்டத்தை வாசித்து உதாரணம் எடுக்க வேறு ஆள் இல்லை.

நான் வாசித்து வந்து சொன்னேன். இங்கே பொலிஸ் மாநிலத்துடையது. பெர்லினில் இருக்கிற மந்திரி எங்கள் தெரு மூலையில் நிற்கிற பொலிஸ்காரனை இடம் மாற்ற ஏலாது. சில மாநிலங்களில் நீதிபதியைத் தெரிவு செய்யத் தனிக் குழுவே இருக்கிறது. எல்லாரும் தலையாட்டினார்கள்.

எங்கள் நீதிபதிகளைத் தெரிவு செய்யும் குழுவில் ஏழு பேர் என்று நான் எழுதியவுடன் தலையாட்டுவது நின்றது. அந்த ஏழு பேர் எந்த ஊர்? வடமராட்சிக்கு எத்தனை, தீவுப்பகுதிக்கு எத்தனை? மட்டக்களப்பு, மன்னார், மலையகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கதிரை போதும் என்று ஒருவர் மனதாரச் சொன்னார். இரண்டு சனிக்கிழமை இதிலேயே போனது. மாஸ்டர் கடைசியில், “ஆக்களைப் பிறகு பாப்பம், முதல் கதிரையைச் செய்வம்,” என்று கையைத் தட்டி மேசையை அடக்கினார்.

நான் பெருமைப்பட்ட பிரிவுகள் இரண்டு. ஒன்று, வழக்காளி சொந்தக்காரனாகவோ ஊரவனாகவோ இருந்தால் நீதிபதி அந்த வழக்கிலிருந்து விலகவேண்டும். மற்றது, பொலிசில் முறைப்பாடு கொடுப்பவரின் வாக்குமூலத்தை அவருடைய மொழியிலேயே எழுதவேண்டும்.

இரண்டாவதை எழுதவேண்டும் என்று பிடிவாதமாக நின்றது நான். காரணம் என் அண்ணா. என் பத்தொன்பதாவது வயதில் அவரைச் சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் பொலிசுக்குப் போய் முறைப்பாடு சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தக் கான்ஸ்டபிள் சிங்களத்தில் எழுதினான். முடிந்ததும் கடதாசியைத் திருப்பி என் பக்கம் தள்ளி, விரலால் ஒரு இடத்தைக் காட்டினான். தமிழில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன். மூன்று மாதத்துக்குப் பிறகு, அப்பா கொடுத்த மனு கோட்டுக்கு வந்தபோதுதான் அதில் என்ன இருந்தது என்று தெரிந்தது. அண்ணா வீட்டாரோடு கோபித்துக்கொண்டு தன் விருப்பத்தில் எங்கோ போய்விட்டார், அதற்குச் சாட்சி தம்பியின் கையெழுத்து. மனு தள்ளுபடி. அண்ணா பதினொரு மாதம் கழித்து வந்தார். வந்த நாளிலிருந்து இன்றுவரை அந்தக் கடதாசியைப் பற்றி என்னிடம் ஒரு சொல் கேட்டதில்லை.

இந்தக் கதையை அந்தச் சனிக்கிழமை சொன்னேன். குகன் கண்ணைத் துடைத்தான். குகன் என் ஊர்க்காரன், கதிரை அடுக்குவது, பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவருவது எல்லாம் அவன்தான். கையெடுத்துக் கும்பிடத் தோன்றும் அளவுக்குப் பணிவான பெடியன்.

3

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை காலை பொலிசிலிருந்து போன் வந்தது. தமிழருக்கு ஏதும் என்றால் என்னைக் கூப்பிடுவது அவர்களுக்கு வழக்கம், என் இலக்கம் அவர்களிடம் இருந்தது.

போனால், அங்கே இருந்தது குகனின் மனைவி சாந்தினி. ஊரிலிருந்து வந்து ஒன்றரை வருடம். பக்கத்து வீட்டு ஜெர்மன் கிழவி சத்தம் கேட்டுப் பொலிசைக் கூப்பிட்டிருக்கிறாள். சாந்தினி கம்பளிச் சட்டையின் கையை விரல் நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டு இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி, “அண்ணை, நீங்கள் வந்திட்டியள்,” என்றாள். அந்தக் குரலில் இருந்த ஆறுதல் இப்போதும் என் காதில் கிடக்கிறது.

இளம் பொலிஸ்காரன் ஒருவன் எழுத ஆயத்தமாக இருந்தான். என்ன நடந்தது என்று கேட்டான். நான் கேட்டேன்.

“பெல்ட்டாலை அடிச்சவர் அண்ணை. பக்கிள் பக்கத்தாலை.”

ஒருமுறை சொன்னாள். நான் டொச்சில் சொன்னது இது: கணவன் மனைவிக்குள் வாக்குவாதம், அவர் இவவைக் கொஞ்சம் தள்ளிவிட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இதற்கு ஐந்து வருடமாக நல்ல நல்ல பதில்கள் தயாரித்து வைத்திருக்கிறேன். குடும்பம் உடையக்கூடாது. தமிழர் என்றால் பெண்சாதிக்கு அடிக்கிற ஆட்கள் என்று வெள்ளைக்காரன் நினைக்கக்கூடாது. அடுத்த கிழமை நகர பிதாவிடம் சமாதானத்துக்கு ஆதரவு கேட்டு எங்கள் குழு போக இருந்தது. எல்லாம் உண்மை. ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு இருந்தது வெட்கம் மட்டும்தான். அந்தப் பொலிஸ்காரனுக்கு முன்னால் ‘பெல்ட்’ என்ற சொல்லை என் வாயால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுடைய முதுகைவிட என் வெட்கம் எனக்குப் பெரிதாக இருந்தது.

காயம் இருக்கிறதா என்று அவன் கேட்டான். சாந்தினி, “முதுகிலை. காட்டவோ?” என்று எழும்பினாள். “இருங்கோ பிள்ளை, தேவையில்லை,” என்றேன். அவனிடம் பெரிதாக ஒன்றுமில்லை என்றேன்.

பிறகு அவன் இன்னொன்று கேட்டான். புதுச் சட்டம் வந்திருக்கிறது, அவ விரும்பினால் கணவனைப் பத்து நாளைக்கு வீட்டை விட்டு வெளியேற்றிக் கதவுத் திறப்பை வாங்கிவிடலாம், அவவிடம் கேளுங்கள். நான் கேட்கவில்லை. நானே, “வேண்டாம்,” என்றேன்.

சாந்தினி மொழி வகுப்பில் எண்கள் படித்திருந்தாள். “பத்து எண்டு என்னவோ சொன்னவர், என்ன அண்ணை?”

“பத்து நாளிலை கடிதம் வருமாம்.”

பொலிஸ்காரன் கடதாசியைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினான். எங்கே வைப்பது என்று விரலால் காட்டியது நான். அவள் தமிழில் கையெழுத்து வைத்தாள்.

அன்று பின்னேரம் குகனைக் கூப்பிட்டு நல்ல பேச்சுக் கொடுத்தேன். அவன் அழுதான், இனிக் கை நீட்டமாட்டேன் என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தான். கதிரையில் சாய்ந்து இருந்து அவனை மன்னித்தேன். பொலிசும் நானே, கோட்டும் நானே. அதிகாரம் பகிரப்பட்டு என் கையில் வந்து சேர்ந்த ஒரே நாள் அதுதான். அதை நான் என்ன செய்தேன் என்று பாருங்கள்.

மூன்று கிழமையில் சாந்தினியின் மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளை நேரே பெண்கள் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள்.

4

திட்டத்தை மண்டபத்தில் வைத்து எல்லாருக்கும் வாசித்துக் காட்டும் நாளும் வந்தது. நூறு பேர் வந்திருந்தார்கள். அண்ணாவின் கதையை மறுபடி சொன்னேன், இந்தமுறை இன்னும் நன்றாக வந்தது. கை தட்டி முடிந்ததும் கேள்வி நேரம். பின் வரிசையில் சாந்தினி எழும்பினாள். கையில் இன்னும் கட்டு. முன் வரிசையில் குகன் இருந்தான், அவன் திரும்பவில்லை.

“அண்ணை, வாக்குமூலத்தை அவையளின்ரை பாஷையிலை எழுதவேணும் எண்டு போட்டிருக்கிறியள். அது நல்லது. ஆனால் எழுதினதைக் கையெழுத்து வைக்க முதல் வேறை ஒராள் திருப்பி வாசிச்சுக் காட்டவேணும் எண்டும் போடுங்கோ. எழுதினவரும் இல்லாமல், மொழிபெயர்த்தவரும் இல்லாமல், வேறை ஒராள்.”

அவ்வளவுதான். இருந்துவிட்டாள். மாஸ்டர், “அருமையான திருத்தம்! தம்பி, குறியும்,” என்றார். குறித்தேன். சபை மறுபடி கை தட்டியது. அந்தக் கைதட்டலில் பாதி எனக்கு.

கூட்டம் கலைந்தபின் அவள் என்னிடம் ஒரு கடிதத்தை நீட்டினாள். அவுஸ்லாண்டர் அம்ற், அதாவது வெளிநாட்டவருக்கு விசா கொடுக்கிற கந்தோர், அனுப்பியது. கணவனோடு இரண்டு வருடம் வாழவில்லை, ஆகவே நாட்டை விட்டுப் போகவேண்டும். கொடுமை நடந்ததால் பிரிந்ததாகச் சொல்கிறார், ஆனால் அவரே கையெழுத்து வைத்த முதல் வாக்குமூலத்தில் அடித்ததாக ஒன்றும் இல்லை. மணிக்கட்டு முறிந்தது அவள் படியில் விழுந்ததால் என்று குகன் சொல்லியிருந்தான்.

“மொழிபெயர்ப்பு பிழை எண்டு நீங்கள் ஒரு கடிதம் தந்தால் காணுமாம். காப்பகத்து வக்கீல் சொன்னவ.”

அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும், நானும் கோபப்பட்டிருப்பேன்.

கடிதம் கொடுத்தேன். அதை எழுத எனக்கு நான்கு நாள் எடுத்தது. உண்மையை எழுதினால் பொலிஸ் என்னை இனிக் கூப்பிடாது, சங்கத்தில் முகம் காட்ட ஏலாது, வழக்குக்கூட வரலாம். ஆகவே இப்படி எழுதினேன்: எனது டொச் அறிவு போதாமையால் அன்று அவரது கூற்றைச் சரிவர மொழிபெயர்க்க முடியாமல் போயிருக்கலாம். வேண்டுமென்றே இரண்டு இலக்கணப் பிழையும் விட்டேன், நம்பிக்கை வரட்டும் என்று.

வேலை நடந்தது. சாந்தினிக்கு விசா நீடித்தார்கள். அதைச் சொல்லப் போன் எடுத்தாள். நன்றி சொன்னாள். பிறகு, “அண்ணை, உங்கடை டொச் நல்ல டொச். அண்டைக்கும் நல்லாத்தான் இருந்தது,” என்று வைத்துவிட்டாள்.

நாற்பது பக்கம் தபாலில் போனது. ஒரு இடத்திலிருந்து மட்டும் கிடைத்தது என்று இரண்டு வரி வந்தது. இப்போது ஊரில் மறுபடி சண்டை. நீதிபதிகள் குழுவின் ஏழு கதிரையும் அப்படியே காலியாகக் கிடக்கிறது.

5

படிவத்தை லாச்சியிலிருந்து எடுத்தது என் மகள் அபிரா. பதினேழு வயது. ஸ்டேப்ளர் தேடப் போனவள்.

“அப்பா, நீங்க ஏன் இதை அவுஸ்ஃபுல்லன் பண்ணேல்லை?”

“நிரப்பேல்லை எண்டு சொல்லு.”

“ஓகே, நிரப்பேல்லை. ஏன்?”

அவளுடைய தமிழைத் திருத்துவது எனக்குத் தப்பி ஓடுகிற வழி. இந்தமுறை அவள் விடவில்லை. மேசையில் எனக்கு எதிரே இருந்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். இப்படிப் பார்க்க இங்கத்தைய பள்ளிக்கூடம் பழக்கியிருக்கிறது. எங்கள் காலத்தில் தகப்பனை யாரும் இப்படிப் பார்த்ததில்லை. சொன்னேன். பாதி தமிழிலும், சொல்ல ஏலாத இடங்களை டொச்சிலும் சொன்னேன். ஐந்து வருடத்துக்கு முன் வராத அந்தச் சொல் இப்போது சுலபமாக வந்தது.

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. “கோயிலிலை அந்த அக்காவைப் பத்திக் கதைக்கிறவை,” என்றாள். “விசாக்காகப் பொய் சொன்னவ எண்டு. போன வருசம் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு வந்தவ, ஒருத்தரும் பக்கத்திலை நிக்கேல்லை. நீங்களும் அங்கை நிண்டனீங்கள் அப்பா.”

நின்றேன். வாய்க்கால் கரையில், மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில், அம்மன் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாந்தினி தனியாகத் தேரைக் கும்பிட்டுவிட்டுப் போனதை ஓரக் கண்ணால் பார்த்தேன். என் கடிதம் அவளுக்கு விசா வாங்கிக் கொடுத்தது, பெயரை வாங்கிக் கொடுக்கவில்லை. டொச்சில் எழுதிய அந்தக் கடிதம் கந்தோர்க் கோப்புக்குள் இருக்கிறது. தமிழில் அவள் பொய்க்காரி. குகன் இப்போதும் கதிரை அடுக்குகிறான்.

“நீங்க ஒருத்தருக்கும் தமிழிலை சொல்லேல்லையே,” என்றாள் அபிரா.

படிவத்தில் ‘சம்மதமில்லை’ என்பதற்கு நேரே புள்ளடி போட்டேன். காரணம் எழுதக் கீழே இரண்டு கோடு விட்டிருந்தார்கள். ஒரு பெண்ணின் முறைப்பாட்டை நான் தெரிந்துகொண்டே பொய்யாக மொழிபெயர்த்தேன் என்று, பிழையில்லாத டொச்சில் எழுதித் தபாலில் போட்டேன். பிறகு இந்தக் குறிப்புகளைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன்.

6

எழுதி முடித்ததை அனுப்புவதற்கு முன் எங்கள் திட்டத்தின் அந்தப் பிரிவு ஞாபகம் வந்தது. எழுதியவனும் மொழிபெயர்த்தவனும் நானே. திருப்பி வாசிக்க வேறு ஆள் வேண்டும்.

சாந்தினி இப்போது ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறாள். வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் பாண் கேட்காமல் கடதாசிகளை நீட்டினேன். அவள் முதல் பக்கத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கூட வேலை செய்கிறவளிடம் ஏதோ சொல்லிவிட்டு ஏப்ரனைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தாள். நின்றபடி கோப்பி குடிக்கிற உயர மேசை ஒன்றில் வைத்து வாசித்தாள். மெதுவாக, வாய்க்குள் சொல்லிச் சொல்லி. நான் பள்ளிக்கூடத்தில் கொப்பி திருத்தக் கொடுத்தவன் மாதிரி நின்றேன்.

“பேரை மாத்தவோ பிள்ளை?” என்றேன்.

“ஏன் மாத்திறியள்? என்ரை பேரைத்தானே அவையள் கதைக்கிறவை. அது கிடக்கட்டும்.”

மூன்றாம் பகுதிக்கு வந்ததும் விரலை ஒரு வரியில் வைத்தாள்.

“இது பிழை. ஒருமுறை சொன்னாள் எண்டு எழுதியிருக்கிறியள். மூண்டு தரம் சொன்னனான் அண்ணை.”

“மூண்டு தரமோ?”

“ரெண்டு தரம் உங்களுக்கு. நீங்கள் சொல்லுறதிலை அந்தச் சொல் வரேல்லை எண்டு அந்தப் பொலிஸ்காரன்ரை முகத்தைப் பாக்க எனக்கு விளங்கினது, டொச்சிலை அது என்ன எண்டு தெரியாட்டிலும். அதாலை மூண்டாந்தரம் அந்தப் பொலிஸ்காரனுக்கே காட்டினனான். அவரின்ரை இடுப்பு பெல்ட்டைச் சுட்டிக் காட்டி, பிறகு என்ரை முதுகைக் காட்டினனான். அவர் உங்களைப் பாத்து என்ன எண்டு கேட்டவர். நீங்கள் ஏதோ சொன்னியள். அவர் சிரிச்சார்.”

எனக்கு ஞாபகம் வந்தது. மறந்திருந்தேன் என்று சொல்லமாட்டேன். வராத இடத்தில் வைத்திருந்தேன்.

“அண்டைக்கு அவருக்கு என்ன சொன்னியள் அண்ணை? அஞ்சு வருசமா யோசிக்கிறன்.”

பக்கத்து மேசையில் ஒருவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். ட்ராம் ஒன்று போனது. அது போய் முடியும்வரை காத்திருந்தேன்.

“உங்கடை பெல்ட் வடிவா இருக்காம், புருசனுக்கும் அப்பிடி ஒண்டு வாங்கவேணுமாம் எண்டு சொன்னனான்.”

சாந்தினி கடதாசிகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கி, ஓரங்களைத் தட்டிச் சரிபார்த்து, என் பக்கம் தள்ளினாள். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு உள்ளே போகத் திரும்பியவள் கதவடியில் நின்றாள்.

“அதையும் எழுதுங்கோ.”

மூன்றாம் பகுதியில் அந்த ‘ஒருமுறை சொன்னாள்’ என்பதைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன். அவள் சொன்னதை இங்கே எழுதிவிட்டேன்.